வெயிலில் நிற்கிற வண்டி

எங்கள் வீட்டில் ஒரு கிழட்டு அம்பாஸிடர் கார் இருக்கிறது. 1984-ஆம் வருஷத்து மார்க் நாலு, பெட்ரோல் வண்டி. என் தகப்பனார் வாங்கியது. அவர் போன பிறகு அதை விற்றுவிடும்படி யோசனை சொன்னவர்கள் பலர். எனக்கு மனசு வரவில்லை. 1958-இல் அந்தப் பெயரோடு வரத் தொடங்கிய வண்டியின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுவிட்டது. இனிமேல் பிறக்கப் போகாத ஒரு ஜாதி என்று தெரிந்த பிறகு, இருக்கிற ஒன்றை இரும்புக் கடைக்கு அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்?

நான் இருப்பது ஓசூரில். வண்டிகளின் ஊர் என்றே அதைச் சொல்லிவிடலாம். 1980-இல் அசோக் லேலண்ட் இங்கே லாரித் தொழிற்சாலை தொடங்கியது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 இந்த ஊரிலிருந்து ஓடத் தொடங்கியது. சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில், ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஓர் உறுப்பைச் செய்து பிழைக்கிறவர்கள்தாம் அதிகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷையிலும் எஞ்சினைப் பற்றிப் பேச இங்கே ஆள் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு வண்டியின் கோளாறைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனுஷனுக்குத் தீங்கு செய்துவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு வண்டி ரிப்பேரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதிக் கட்டுரை வண்டியைப் பற்றித்தான் இருக்கும்.

2023-ஆம் வருஷக் கோடை. கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பத்து நாளைக்கு ஒரு முறை ஓசூருக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் பார்ப்பது மாலை நாலு மணிக்கு. ஆகையால் பகல் பன்னிரண்டுக்கு டிரைவரை வண்டியோடு அனுப்பிவிடுவேன். அவன் கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்து, அக்காவை ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்புவான். இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் தூரம். கிருஷ்ணகிரி தாழ்வு, ஓசூர் அதைவிட முந்நூற்றைம்பது, நானூறு மீட்டர் உயரம். குருபரப்பள்ளி தாண்டி, சூளகிரி மலையைப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறி வர வேண்டும்.

டிரைவருக்கு இருபத்தாறு வயது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன். அதிகம் பேசமாட்டான். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குது சார். ஏத்தத்துல இருமி இருமி வந்து, சூளகிரிக்கு முன்னாடி நின்னே போச்சு. அரை மணி நேரம் கழிச்சு அதுவா ஸ்டார்ட் ஆயிடுச்சு."

மறுநாள் காலையில் வண்டியை ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே அது கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் நின்றது. மறுபடியும் பட்டறை. மறுபடியும் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுத் திண்ணைக்கு வைத்தியர்கள் வரத் தொடங்கினார்கள். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய வண்டியின் ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும் என்றார் ஒருவர். அதில் உண்மை இல்லாமலில்லை. நம் நாட்டில் அந்தக் கலவை 2022-இல் பத்து சதவிகிதத்தை எட்டியது. 2025-இல் இருபதை எட்டிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழாய்களை மாற்றினேன். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. எத்தனால் நண்பர் மீசையை முறுக்கினார். பிறகு நின்றது. கார்பரேட்டரில் தூசு என்றார் இன்னொருவர். கழற்றிக் கழுவினேன். பத்து நாள் ஓடியது, நின்றது. நாலு பிளக்கையும் புதிதாகப் போட்டேன். ஒரு வாரம் ஓடியது, நின்றது.

இடையிடையே வந்து போகிற கோளாறுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. அது தானாகப் போய்விடுகிறது. ஆகையால் அந்தச் சமயத்தில் யார் என்ன செய்தாலும் அதனால்தான் போயிற்று என்று ஆகிவிடுகிறது. விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு எல்லா மருந்தும் பலிக்கும், எல்லா மந்திரமும் பலிக்கும். ஒவ்வொரு வைத்தியனுக்கும் குணமானவன் ஒருவனைக் காட்ட முடியும். நிரந்தரமாக இருக்கிற கோளாறு அப்படியல்ல. அது அசையாமல் உட்கார்ந்துகொண்டு, தப்பான வைத்தியனைப் பொய்யன் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

மே மாதத்தில் எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. கோபம் வந்தால் நான் கணக்குப் பார்க்கிறவன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வண்டி நின்ற நாட்களையெல்லாம் எழுதினேன். நாலு முறை நின்றிருந்தது. நாலு முறையும் ஓட்டியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அதே வண்டி, அதே சாலை, அதே பெட்ரோல். ஒரு தடவைகூட என்னிடம் அது இருமினதில்லை. பெட்ரோல் செலவையும் பார்த்தேன். அவன் போய் வந்த நாளில் நான் போய் வந்த நாளைவிட ஒன்றரை லிட்டர் அதிகம் குடித்திருந்தது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் எழுதிய தர்க்க நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒரு விளைவு ஏற்பட்ட சந்தர்ப்பத்தையும் ஏற்படாத சந்தர்ப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, ஒரே ஒரு அம்சம் மட்டும் வேறாக இருந்தால், அந்த அம்சத்தில்தான் காரணம் இருக்கிறது. அதைத்தான் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வண்டி ஒன்று, சாலை ஒன்று, பெட்ரோல் ஒன்று. ஆள் மட்டும் வேறு. பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றுகிறான், அல்லது புளியமரத்து நிழலில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறான், அல்லது இரண்டும்.

அவனைக் கூப்பிட்டு ஜாடையாகக் கேட்டேன். அவன் சொன்னது இதுதான்: "வெயில்லதான் சார் இப்படிப் பண்ணுது. காலைல ஒழுங்கா போகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்காரன் வெயிலைக் காரணம் சொல்வது புதிதா என்ன?

ஐந்தாவது தடவை வண்டி நின்றபோது உள்ளே அக்கா இருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறாள். அன்று சாயங்காலமே அவன் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டேன். காரணத்தையும் வாய்விட்டுச் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். சாவியை மேஜைமேல் வைத்தான். போய்விட்டான்.

"அந்தப் பிள்ளை நாற்பது நிமிஷமும் எனக்குக் குடை பிடிச்சிட்டு நின்னுச்சுடா" என்றாள் அக்கா. குற்றமுள்ள மனசு குடையும் பிடிக்கும் என்று நான் பதில் சொன்னேன். சாமர்த்தியமான பதில் என்று அப்போது தோன்றியது.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவன் பாகலூர் ரோட்டில் ஒரு கம்பெனி முதலாளியிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறான். அவர் எனக்குத் தெரிந்தவர். போனில் விசாரித்தார். "கை சுத்தம் கொஞ்சம்..." என்று சொல்லி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். முடிக்காமல் விட்ட வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்று எழுத்தாளனுக்குத் தெரியாதா? அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

அவன் போன பதினோராம் நாள், அக்காவை அழைத்துவர நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். குருபரப்பள்ளி தாண்டியதும் எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு இரண்டு தடவை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன்னுக்குப் போகாமல் உதறியது. சூளகிரிக்கு முன்னால், எந்த இடம் என்று அவன் எனக்கு எத்தனையோ முறை சொன்னானோ அதே இடத்தில், மூச்சை விட்டது. நான் இறங்கி நின்றேன். பின்னால் அக்கா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். குடையை எங்கே வைப்பான் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் வண்டியைத் தொடவே இல்லை.

"நல்லா இருக்கிற வண்டியை என்கிட்ட கொண்டாந்தா நான் என்னத்தைப் பாக்குறது சார்? அது எங்க சாகுதோ அங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க. எந்த நேரத்துல சாகுதோ அந்த நேரத்துல."

"பகல் ரெண்டு மணிக்கு, பாய்."

"ரெண்டு மணிக்கே போவோம்."

அவர் ஒரு பையில் நாலைந்து சாமான்களை எடுத்துக்கொண்டார்: ஒரு சின்ன பல்பில் ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப், ஒரு கன்டென்சர், காலிப் பாட்டில், ஒரு துண்டு, குடிதண்ணீர். அவ்வளவுதான். கிருஷ்ணகிரி போய்த் திரும்பினோம். வண்டி அதே இடத்தில் நின்றது. நான் பதற்றத்தில் சாவியைத் திருகப் போனேன். "தொடாதீங்க" என்றார். "இப்பத்தான் அது உண்மை பேசுது. அரை மணி நேரம்தான் பேசும். அதுக்குள்ள கேட்டுக்கணும்."

ஒரு பெட்ரோல் எஞ்சின் ஓட வேண்டுமானால், காற்றோடு கலந்த பெட்ரோல் வர வேண்டும். சரியான சமயத்தில் அதில் நெருப்புப் பொறி விழ வேண்டும். எஞ்சினுக்குள் வேறு சேதம் இல்லையென்றால் விசாரணை இந்த இரண்டில்தான் தொடங்கும். பாய் முதலில் கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டார். என்னை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். பெட்ரோல் பீச்சி பீச்சி வந்தது. வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது உண்டாம். அது இங்கே இல்லை. பெட்ரோலை முகர்ந்து பார்த்தார். "சுத்தமா இருக்கு. மண்ணெண்ணெய் எல்லாம் இல்ல" என்றார். நான் அவரிடம் மண்ணெண்ணெய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எல்லா முதலாளிகளும் முதலில் கேட்பது அதுவாக இருக்கலாம்.

பாட்டிலை மூடித் தூரத்தில் வைத்துவிட்டு, குழாயை மாட்டினார். பிறகு பொறியைப் பார்த்தார். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை எடுத்து, எஞ்சின் உடம்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்றச் சொன்னார். நீலமாகப் பளிச்சென்று குதிக்க வேண்டிய பொறி வரவே இல்லை. டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தார். காயிலுக்குப் பாட்டரியிலிருந்து கரெண்ட் வந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தார். பாயின்ட் ஒழுங்காகத் திறந்து மூடியது. கன்டென்சரை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் துண்டை நனைத்துப் பிழிந்து, காயிலின் வயிற்றைச் சுற்றிக் கட்டினார். தலைப்பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் சுற்றச் சொன்னார். நீலப் பொறி குதித்தது. வண்டி கன்றுக்குட்டியாகிவிட்டது.

இக்னிஷன் காயில் என்பது ஒரு டப்பா. அதற்குள் இரும்புத் துண்டைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை அது பல ஆயிரம் வோல்ட்டாக்கிப் பொறியாக அனுப்புகிறது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு, வினாடிக்கு நூறு பொறி வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி உழைத்த காயிலில், கம்பியின் மேல்பூச்சு எங்கேயோ நைந்துபோகிறது. அல்லது கம்பியே எங்கேயோ விண்டுபோகிறது. சூடேறினால் விரிந்து கெடுகிறது. ஆறினால் சுருங்கிச் சேர்ந்துகொள்கிறது. காலையில் பட்டறையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் அளவு சரியாகவே காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரம் தப்பு. கூடுதலாகப் போன ஒன்றரை லிட்டருக்கும் அப்போது விளக்கம் கிடைத்தது. பொறி விழாத சிலிண்டர் பெட்ரோலை எரிக்காமலே வெளியே துப்பிவிடுகிறது.

"சாவியை ஆன்ல வெச்சிட்டு, வண்டியை ஓட்டாம உக்காந்து பாட்டுக் கேப்பீங்களா சார்?" என்றார் பாய், சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "பாயின்ட் மூடின இடத்துல எஞ்சின் நின்னிருந்தா, காயில்ல கரெண்ட் ஓடிட்டே இருக்கும். சூடாகிச் செத்துப் போகும்."

நான் கேட்பேன். சாயங்காலங்களில் ஷெட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கேட்பேன். அதுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். பழைய காயில் தானாகவும் சாகும். ஒருவனை அவசரப்பட்டுக் குற்றவாளியாக்கிய பிறகு, அதே அவசரத்தோடு என்னையே குற்றவாளியாக்கிக்கொள்வதிலும் நியாயம் இல்லை. அதில் ஒருவிதச் சுகம் வேறு இருக்கிறது. அந்தச் சுகத்தை நான் நம்புவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. என் நோட்டுப் புத்தகக் கணக்கில் எழுதாமல் விட்ட கலம் ஒன்று இருந்தது. நேரம். ஞாயிற்றுக்கிழமை நான் கிருஷ்ணகிரிக்குப் புறப்படுவது விடியற்காலை ஐந்தரை மணிக்கு. திரும்புவது வெயில் தாழ்ந்து விளக்கு வைத்த பிறகு. ஏன்? வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அவன் மட்டும் நடுப்பகலில் அந்த மேட்டில் ஏறியது எதனால்? நான் அனுப்பியதால். மில் சொன்ன வழியில் தப்பு ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் வைத்த நிபந்தனையைத்தான் நான் தாண்டிக் குதித்துவிட்டேன். வெயிலும் அவனும் எப்போதும் சேர்ந்தே போனார்கள். அவர்களைச் சேர்த்து அனுப்பியவன் நான். பிறகு அந்தச் சேர்க்கையையே அவனுக்கு எதிரான சாட்சியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இது என் ஒருவனுடைய மடத்தனம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. முதலில் பிப்ரவரியில் தொடங்கி, அந்தத் தொகை ஏறக்குறைய இருபத்தாறு லட்சம் வரை போயிற்று. அந்தக் கார்களில் சாவி திருகும் ஸ்விட்ச் தளர்வாக இருந்தது. ஒரு குலுக்கலிலோ, சாவிக்கொத்தின் கனத்திலோ அது ஓடும்போதே நழுவிவிடும். எஞ்சின் நின்றுவிடும், மோதும்போது விரிய வேண்டிய காற்றுப் பையும் விரியாது. இதுவும் எப்போதாவது வருகிற கோளாறுதான். 2006-இல் அந்த ஸ்விட்சைத் திருத்தியவர்கள், அதன் பாக எண்ணை மாற்றாமல் விட்டார்கள். அதனால் பழைய ஸ்விட்ச் எது, புதியது எது என்று பின்னால் ஆராய்ந்தவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. கம்பெனியின் நஷ்ட ஈட்டு நிதி கடைசியில் ஒப்புக்கொண்ட மரணங்கள் 124.

அந்த 124-இல் ஒன்று டெக்ஸஸ் மாகாணத்தில் 2004-இல் நடந்தது. ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு போனாள். கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. பக்கத்தில் இருந்தவன் இறந்துபோனான். அவளை மணக்க இருந்தவன். சாலையில் வேறு வண்டி இல்லை, மழை இல்லை. பிரேக் போட்ட தடம்கூட இல்லை. காரணமாக இருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தோன்றியது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அவளே அதை நம்பியும் இருந்தாள் என்பதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. தன்னால்தான் அவன் செத்தான் என்று பத்து வருஷம் வாழ்ந்தாள். 2014 நவம்பரில் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்.

ஒளிந்துகொள்ளும் கோளாறு எதுவும் காரணமில்லாமல் நிற்க நம் மனசு சம்மதிப்பதில்லை. அதற்கு உடனே ஒரு வீடு பார்த்துக் குடிவைக்கிறது. பக்கத்தில் நிற்கிற மனுஷனே அந்த வீடு.

மதுரையில் கோவலனுக்கு நடந்தது என்ன? அரசியின் சிலம்பு காணாமல் போயிருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒருவன் கையில் சிலம்போடு வந்தான். அவ்வளவுதான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைப் பாண்டியன் செலவு செய்யவில்லை. அவன் கொடியவன் அல்ல. உண்மை தெரிந்ததும் சிங்காசனத்திலேயே உயிரை விட்டவன். நல்லவன்தான். சோதனை செய்யாத நல்லவன். நம்மில் பெரும்பாலோர் அந்த வகையைச் சேர்ந்தவர்கள். உயிர் விடுவது மட்டும் இல்லை.

சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் தொழிற்சாலையிலும் ஒரு மெஷின் எப்போதாவது நிற்குமாம். யாருடைய ஷிப்டில் அதிகம் நிற்கிறதோ அந்தக் கான்ட்ராக்ட் தொழிலாளியை மாற்றுவார்களாம். "மெஷினைத் திறந்து பார்க்க ஒரு நாள் உற்பத்தி போகும். ஆளை மாற்ற அஞ்சு நிமிஷம்" என்றார். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கை நினைத்துக்கொண்டே வந்தேன். எது மலிவோ அதைத்தான் முதலில் மாற்றுகிறோம். காயிலைவிட, ஸ்விட்சைவிட, மெஷினைவிட மலிவான உதிரிபாகம் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். எல்லாவற்றுக்கும் நிரூபணம் கிடைக்கும் வரை காத்துக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியுமா? சந்தேகப்படவே கூடாதா? உலகத்தில் பெட்ரோல் திருடுகிற டிரைவர்களே கிடையாதா?

உண்டு. சந்தேகம் பாவம் என்று நான் சொல்லவில்லை. அது தும்மல் மாதிரி. வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் வந்த சந்தேகத்துக்கு இரண்டு கடன்கள் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று, கோளாறு எங்கே, எந்த நேரத்தில் தலைகாட்டுகிறதோ அங்கே, அந்த நேரத்தில், நாமே ஒரு தடவை போய் நிற்பது. நமக்கு வசதியான நேரத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது சோதனை அல்ல. ஒரே ஒரு நாள், பகல் இரண்டு மணிக்கு, நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தால் போதும். இரண்டாவது, அப்படிப் போய் நிற்காத வரையில் அந்தச் சந்தேகத்தை மூன்றாவது மனுஷன் காதில் போடாமல் இருப்பது. என் மனசுக்குள் இருந்தவரை அது தப்பு அபிப்பிராயம். போனில் இன்னொருவரிடம் சொன்ன நிமிஷம் அது ஒருவன் வயிற்றில் அடித்த அடி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கோளாறுக்கு மிக அருகில் இருப்பவன்தான் அதை நன்றாக அறிந்தவன். கோளாறுக்கு மிக அருகில் இருப்பதால் சந்தேகமும் அவன்மேல்தான் விழுகிறது. சந்தேகம் விழுந்தவுடன் அவன் சொல்வதெல்லாம் சாக்காகிவிடுகிறது. இப்படித்தான் நமக்குக் கிடைக்கக்கூடிய முதல் சாட்சியை நாமே ஊமையாக்கிவிடுகிறோம்.

காயில் மாற்றியாயிற்று. அன்றிலிருந்து வண்டி நிற்கவில்லை. மறுவாரம் பாகலூர் ரோடு முதலாளிக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு என்றேன். இந்தத் தடவை வாக்கியத்தை முடித்தேன். "அதனால என்ன சார், விடுங்க. வேற ஆளை வெச்சுட்டோம்" என்றார் அவர். பழி போன வேகத்தில் அதன் மறுப்பு போவதில்லை. பழியைக் கேட்டவர் கவனமாகக் கேட்டார். மறுப்பைக் கேட்டவர் மரியாதைக்குக் கேட்டார்.

அவனைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ரோஜாப் பூ லோடு ஏற்றும் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். ராத்திரியில் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போய் விடியற்காலையில் திரும்புகிற வேலை. சம்பளம் நான் கொடுத்ததைவிடக் குறைவு. வேனுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன வார்த்தைகள் ஒன்றும் எனக்கு உதவவில்லை. "வண்டியில் கோளாறு இருந்தது தம்பி. உன்மேல் தப்பு இல்லை. நான் சொன்னது பெரிய தப்பு" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என்னா கோளாறு சார்?" என்று கேட்டான்.

"காயில்."

"காயிலா?" என்றான். புருவத்தைச் சுருக்கி யோசித்தான். "நான் கன்டென்சர்னுல்ல நெனச்சேன். சூடானா நிக்குது, ஆறினா போகுது. ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏப்ரல் மாதத்திலேயே பாதிக்கு மேல் தெரிந்திருக்கிறது. திண்ணைக்கு வந்த வைத்தியர்களையெல்லாம் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துக் கேட்டேன். நாலு முறை அந்த வண்டியோடு வெயிலில் நின்றவனை, உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்ப வேலைக்கு வரும்படி அழைத்தேன். "பாக்கலாம் சார்" என்றான். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது. அக்காவின் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். நன்றாக இருக்கிறது என்றேன்.

இப்போது அக்காவை அழைத்துவர நானேதான் போகிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு. வெயில் கடுமையாகத்தான் இருக்கிறது.